தராசுக்கு முன்னால் நிற்கும் அம்மா: கூடலூர் நகைச்சுவையாளரைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை

பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, இப்போது உதகையில் ஆசிரியராகப் பணியாற்றும் ஒரு பெண் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார். கூடலூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கோவையிலும் சென்னையிலும் ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிகள் நடத்தி வருகிறார். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாழ்க்கை, கொழுந்து பறிப்பு, யானை, பட்டா இல்லாத வீடு, சிலோனிலிருந்து திரும்பிய பாட்டி ஆகியவற்றைச் சுற்றியே அவருடைய பேச்சு முழுவதும் அமைந்திருக்கிறது. "நம்முடைய இல்லாமையை டிக்கெட் போட்டு விற்கிறான்" என்கிறார் கேள்வி கேட்டவரின் அப்பா. "நம்மைப் பற்றி மேடையில் பேசுவதற்கு இவராவது வந்தாரே" என்கிறார் தம்பி. வீட்டுக்குள் தொடங்கிய இந்தப் பேச்சு இப்போது குடியிருப்பு முழுவதும் இரண்டு கட்சியாகிவிட்டதாம். இருவரில் யார் சொல்வது சரி, அவருடைய நகைச்சுவையை உயர்ந்தது என்பதா, மலிவானது என்பதா என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவும் தம்பியும் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்திருந்தாலும், அதன் வெவ்வேறு பகுதிகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். அந்த நிகழ்ச்சியில் இரண்டு விதமான சிரிப்பு இருக்கிறது. மலையில் வாழ்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அரங்கில் உள்ளவர்களுக்கும் பொறுமையாகத் தெரியவைத்து, அது தெரிந்த பிறகே வரவழைக்கும் சிரிப்பு ஒன்று. எதையும் தெரிந்துகொள்ளாமலேயே, சொல்லப்போனால் தெரியாமையினாலேயே எழும் சிரிப்பு மற்றொன்று. முதல் வகையில் அவர் இன்று தமிழில் இந்தக் கலையைச் செய்பவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டாம் வகைக்கு அவர் இறங்கும் இடங்களில் உங்கள் அப்பாவின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. அவரை ஒட்டுமொத்தமாக ஏற்பதும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும், அவருடைய கலையைக் கூர்ந்து பார்க்காமல் இருப்பதற்கான இரண்டு வழிகளே.

கோவையிலும் பிறகு கூடலூரிலும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவன் என்ற முறையில், அதன் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதும் எடைத் தராசுப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, கூடைக்கென்றும் இலையில் தங்கிய ஈரத்துக்கென்றும் சில கிலோவைக் கழித்துவிட்டே கணக்கில் எழுதுவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் கழிவு கூடிவிடும். எவ்வளவு கழிப்பது என்பதை நிறுப்பவர் முடிவு செய்கிறார். பறித்தவர் தராசுக்கு முன்னால் நின்று வாதாடுவார். பெரும்பாலும் அந்த வாதம் எடுபடாது. இதைத்தான் அவர் கோவை அரங்கில் முதலில் விளக்குகிறார். சிரிக்கவைக்கும் அவசரம் எதுவுமின்றி, மழையில் நனைந்த கூடையின் கனத்தையும், காலில் ஏறிய அட்டையையும், தராசு முள் நின்றவுடன் எல்லோருடைய கண்ணும் அங்கே போவதையும் அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, அரங்கில் சிரிப்பே இல்லை. அதற்குப் பிறகு, உடல்நலம் குன்றிய அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். செவிலியர் அம்மாவை எடைக் கருவியில் ஏறச் சொல்கிறார். முள் நின்றதும் "41" என்கிறார். அம்மா கீழே இறங்காமல், "தண்ணிக்கு எவ்வளவு கழிச்சீங்க?" என்று கேட்கிறார். எதையும் கழிக்கவில்லை என்று செவிலியர் சொன்னதை நம்பாமல் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்ட அம்மா, வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தாரிடம், "இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் ஒரு புண்ணியவதி முழு எடையை எழுதியிருக்கா" என்று சொல்கிறார்.

இந்தப் பகுதியில்தான் அவர் தம் தாயின் அறியாமையை அந்நியர்களுக்கு விருந்தாக்குகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே அறியாமல் இருப்பவர் செவிலியர். அவரோடு சேர்ந்து, சற்று முன்பு வரை அறியாமல் இருந்த கோவை அரங்கம். தராசு என்றால் என்ன, அதில் எண் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் நின்று கற்ற ஒரே ஆள் அந்த அம்மாதான். அவருடைய கேள்வியில் பேதைமை எதுவும் இல்லை. அவர் கண்ட உலகத்தின்படி அது மிகவும் முறையான கேள்வி. ஆகவே கோவையில் சிரிப்பவர்கள், ஐந்து நிமிடத்துக்கு முன்பு தமக்குத் தெரியாமல் இருந்த ஓர் அநியாயத்தைத் தெரிந்துகொண்டதன் பலனாகச் சிரிக்கிறார்கள். கூடலூரில் அவர் அந்த விளக்கத்தைச் சொல்லவே இல்லை. செவிலியர் "ஏறுங்க" என்று சொன்ன இடத்திலேயே பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு தொடங்கிவிட்டது. அடுத்த வரி எதுவென்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரே பகுதி இரண்டு ஊரிலும் நின்றது. எடை கழிக்கப்பட்டவர்களுக்கு முன்னால் சொல்லவும், அதைக் கேள்விப்படாதவர்களுக்கு முன்னால் சொல்லவும் ஒரேயளவு தகுதியுடைய நகைச்சுவையை ஆக்குவது எளிய வேலை அல்ல.

இப்போது உங்கள் அப்பாவின் பக்கத்துக்கு வருகிறேன். பாட்டியைப் பற்றிய பகுதி அவரை ஏன் அவ்வளவு புண்படுத்தியது என்பதைப் புரிந்துகொள்ள, அவருடைய தலைமுறை நீலகிரிக்கு வந்து சேர்ந்த விதத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். மீதமிருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள 1974இல் மறுபடியும் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 முதல் தமிழக அரசு நீலகிரிக் காட்டில் தேயிலை நட்டது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. அரசு ஏடுகள் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று எழுதின. கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் வரிசையிலும் அவர்கள் சிலோன்காரர்கள். அவர்கள் வாய் திறந்தவுடன், என்ன சொல்கிறார்கள் என்பதைக் கேட்பதற்கு முன்பே, எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்காகச் சிரிப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். உங்கள் அப்பா அந்தச் சிரிப்பைப் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டவராக இருக்க வேண்டும். அதன் ஓசை அவருக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டிப் பகுதியில் கேட்டதும் அதே ஓசைதான். பாட்டி கோவையில் ஒரு பேக்கரிக்குப் போய், ரொட்டியைச் சிலோன் வழக்கில் பாண் என்று கேட்கிறார். பேருந்தில் ஏற முடியாமல், முடியாது என்பதற்கு "ஏலாது, ஏலாது" என்கிறார். அலைபேசியில் உரக்கப் பேசுகிறார். அவர் என்ன நினைத்தார், எதற்காக வந்தார், கடைக்காரருக்கு என்ன மறுமொழி சொன்னார் என்ற எதுவும் அந்தப் பகுதியில் இல்லை. குரலை ஏற்றி இறக்கிச் செய்யும் போலிப் பேச்சுக்கே கைதட்டல் விழுகிறது. இதைக் கேட்டுச் சிரிப்பதற்குக் கோவையில் உள்ளவர் எதையும் கற்க வேண்டியதில்லை; 1964ஐப் பற்றியோ, ஒரு கிழவி இரண்டு நாட்டு மண்ணில் தேயிலை நட்டதைப் பற்றியோ எதுவும் தெரியாமலிருந்தால் இன்னும் வசதியாகச் சிரிக்கலாம். எடைப் பகுதியில் கடைசி வரி அம்மாவுக்குச் சொந்தம். பாட்டிக்கு இங்கே ஒரு வரிகூடச் சொந்தமில்லை. இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

கேலி செய்வதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தமிழில் சிரிப்பைப் பற்றிய மிகப் பழைய இலக்கணம் எள்ளலிலிருந்துதான் தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர், எள்ளலை மேலும் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. உங்கள் வீட்டு வழக்குக்கு இந்தப் பிரிவு மிகவும் உதவும். எடைப் பகுதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தராசுக்காரனால் காலமெல்லாம் எள்ளப்பட்டவர்கள் அந்த எள்ளலையே எடுத்துவைத்துத் தாங்கள் நகுகிறார்கள். பாட்டிப் பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. ஆனால் அதைச் செய்பவர் தாமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால், அது இரண்டாவது வகை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். பேசுபவர் எந்தக் குடும்பத்தில் பிறந்தார் என்பதை மட்டும் வைத்து, எள்ளுபவர் யார், எள்ளப்படுபவர் யார் என்று தீர்மானித்துவிட முடியாது. "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்ற குறள் அடி சொந்தக்காரர்களுக்கென்று விலக்கு எதையும் வைக்கவில்லை.

எள்ளப்படுபவருக்கு மறுமொழி உண்டா என்பதை நம்முடைய மேடைகளும் திரைப்படங்களும் எப்போதும் கவனித்தே வந்திருக்கின்றன. கூத்தில் முதலில் வரும் கட்டியக்காரன் அரசனைக் கேலி செய்யலாம். அரசன் எதிரில் நிற்கிறான், அவனுக்கு வாயும் இருக்கிறது, வாளும் இருக்கிறது. கவுண்டமணி–செந்தில் இணையை உடலைப் பழிக்கும் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்தப் பழிச்சொற்களில் பலவற்றை இன்று என்னாலும் ரசிக்க முடியவில்லை. இருந்தாலும், அடி வாங்கும் செந்தில் கடைசியில் ஒரு கேள்வியைக் கேட்டு அடித்தவரைத் திக்குமுக்காடச் செய்யும் அமைப்பு அவற்றுள் திரும்பத் திரும்ப வருகிறது. என். எஸ். கிருஷ்ணன் கிந்தனார் கதாகாலட்சேபத்தில் நந்தனார் கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் படித்து உயர்வதைச் சொன்னபோது, சிரிப்பு முழுவதும் அவனைத் தடுத்தவர்கள் மேல் விழுந்தது; அவன் மேல் ஒரு துளியும் விழவில்லை. கலைவாணர் யாரையும் புண்படுத்தாமல் சிரிக்கவைத்தார் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். புண்பட வேண்டியவர்கள் யார் என்பதை அவர் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பதே என் எண்ணம்.

ஸ்டாண்ட்-அப் வடிவத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இந்தக் கருத்து வேறுபாட்டைக் கூர்மையாக்குகிறது. 2005இல் தொலைக்காட்சியில் கலக்கப் போவது யாரு தொடங்கிய காலத்தில், மேடை நகைச்சுவை என்றால் பெரும்பாலும் பலகுரல்தான். கலைஞர் இன்னொருவரின் குரலுக்குப் பின்னால் நின்றார். பட்டிமன்றத்தில் பேச்சாளர் ஓர் அணியின் சார்பில் பேசினார். திண்டுக்கல் லியோனி போன்றவர்களின் நகைச்சுவையில் பாட்டும் தலைப்பும் அவர்களைத் தாங்கி நின்றன. ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு ஒலிவாங்கியையும் "நான்" என்ற சொல்லையும் தவிர வேறு துணை இல்லை. அலெக்சாண்டர் பாபு போல இசைக் கருவியோடு வருபவர்கள் சிலரே. அவரைப் பற்றியும், இது கச்சேரியா நகைச்சுவையா என்ற பிளவு ரசிகர்களிடையே இருக்கிறது. "நான்" என்று சொன்னவுடன் கேட்பவர் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறார். உங்கள் குடியிருப்பில் சிலர், "அவன் அம்மா அப்படிக் கேட்கவே இல்லை, எங்களுக்குத் தெரியும்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம்; அதனால் அந்தப் பகுதி பொய்யாகிவிடாது. சிறிய அரங்குகளில் பலமுறை சொல்லிப் பார்த்து, சிரிப்பு வராத சொற்களை நீக்கி, வரிசையை மாற்றி, மேடைக்கென்று கட்டப்படும் ஆக்கம் அது. தராசில் எடையைக் கழித்தது உண்மையா என்றுதான் கேட்க வேண்டும். அது உண்மை என்பதற்கு உங்கள் குடியிருப்பில் சாட்சிக்குப் பஞ்சம் இருக்காது.

யானைப் பகுதியைப் பற்றியும் எதிர்ப்பு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். இது இயற்கை ஆர்வலர்களிடமிருந்து வந்த எதிர்ப்பு என்பதால், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரவில் யானை சமையலறைச் சுவரை இடித்து அரிசியைத் தின்றுவிடுகிறது. மறுநாள் இழப்பீடு கேட்டுப் போன குடும்பத்திடம் வீட்டுக்கு ஆவணம் கேட்கிறார்கள், ஆவணம் இல்லை. அப்போது அவர் சொல்கிறார்: "யானைக்கு வழித்தடம் இருக்கிறது, வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கணக்குப்படி பார்த்தால் யானை எங்கள் அடுப்பங்கரைக்குள் நுழையவில்லை. எங்கள் அடுப்பங்கரைதான் யானைக்குள் நுழைந்திருக்கிறது."

இதைக் கேட்டவர்கள் சிலர், காட்டுயிர்ப் பாதுகாப்பைக் கேலி செய்கிறார், உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தை உறுதி செய்த தீர்ப்பையே பரிகசிக்கிறார் என்று குறைப்பட்டிருக்கிறார்கள். யானை வழித்தடம் காக்கப்பட வேண்டும் என்பதில் அவர்கள் அளவுக்கு எனக்கும் உறுதி உண்டு. ஆனால் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்டால், யானையின் மேல் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை என்பது தெரியும். சிரிப்பு முழுவதும் ஆவணத்தின் மேல் விழுகிறது. கூடலூரில் ஆவணம் என்பது எத்தனை பெரிய கதை என்பது கீழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையை, அதாவது பரம்பரை நிலவுடைமையை ஒழித்து, அந்த நிலங்களை அரசுக்கே நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றுவதற்கென்று 1969இல் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் குத்தகை நிலங்களின் வழக்கு பல பதிற்றாண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருக்க, அந்த நிலங்களில் குடியிருப்பவர்கள் பட்டாவும் இல்லாமல், பல வீடுகளில் மின் இணைப்பும் இல்லாமல் வாழ்கிறார்கள். "பிரிவு பதினேழு" என்று சொன்னாலே கூடலூர் அரங்கில் பெருமூச்சும் சிரிப்பும் சேர்ந்து எழுகின்றன. கோவை அரங்குக்கு அவர் அதைச் சுருக்கமாக விளக்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம் என்பதே என் குறை. ஏனென்றால், விளக்கம் போதாத இடத்தில் கேட்பவர் கையில் யானை மட்டும்தான் மிஞ்சுகிறது. யானை வேண்டுமா, மனிதன் வேண்டுமா என்ற பழைய சண்டையாக அது சுருங்கிவிடுகிறது.

சுற்றுலாப் பயணிகளைப் பற்றியும், நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு வந்த பிறகு மலைவாசிகள் சொந்த வீட்டுக்குப் போகத் தம்மை நிரூபிக்க வேண்டியிருப்பதைப் பற்றியும் அவர் சொல்பவை கேட்க இனிமையாக இருக்கின்றன, அவ்வளவே. அவற்றைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை. சண்டையிடும் அளவுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

நிகழ்ச்சியின் பிற்பகுதியில் பணியர்களைப் பற்றி வரும் சில நிமிடங்கள்தான் எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தன. உங்கள் கடிதத்தில் அப்பாவும் தம்பியும் அதைக் குறிப்பிடவே இல்லை என்பதையும் கவனித்தேன். லயத்துக்கு அருகே கூலி வேலைக்கு வரும் பணியர் ஒருவரின் பேச்சையும் நடையையும் அவர் நடித்துக் காட்டுகிறார். அதை இங்கே திரும்பச் சொல்ல நான் விரும்பவில்லை. கூடலூர், வயநாட்டுப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பழங்குடி மக்கள் அவர்கள். டிக்கெட் எடுத்து அந்த அரங்கில் உட்காரும் நிலை அவர்களுள் பெரும்பாலோருக்கு இன்றும் இல்லை. அவர்கள் எதிரில் இல்லை, மறுமொழி சொல்ல வாய்ப்பும் இல்லை, அவர்களைப் பற்றிக் கேட்பவருக்கு எதுவும் தெரியவும் தேவையில்லை. பாட்டிப் பகுதியில் உள்ள குறைகள் எல்லாம் இங்கே இன்னும் கூடுதலாக இருக்கின்றன. பாட்டியாவது அவருடைய சொந்தப் பாட்டி. கோவையிலும் சிரித்தார்கள், கூடலூரிலும் சிரித்தார்கள். கூடலூரில் சிரித்தவர்களுள், பாட்டிப் பகுதியின்போது முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். தம்மீது விழும் ஏளனத்தை நொடியில் உணர்பவர்கள், தமக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள்மீது அது விழும்போது உணராமல் போவது ஏன் என்ற கேள்வியைக் கலைஞரிடம் மட்டும் கேட்டால் போதாது.

இது அந்த இளைஞருக்கு மட்டும் நேர்ந்தது அன்று. அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர் டேவ் ஷப்பெல், 2005இல் தம் தொலைக்காட்சித் தொடரைப் பாதியிலேயே விட்டு விலகினார். அதற்காகப் பேசப்பட்ட தொகை 5 கோடி டாலர் என்பது உலகறிந்த செய்தி. கறுப்பினத்தவரைப் பற்றிய பழைய இழிசித்திரம் ஒன்றையே எள்ளுவதற்காக அவர் அமைத்த ஒரு காட்சியின் படப்பிடிப்பில், வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் அவரை உறுத்தியது என்றும், தம்மோடு சேர்ந்து சிரிக்காமல் தம்மைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று தோன்றியதும் விலகலுக்கு ஒரு காரணம் என்றும் அவரே பின்னர் சொன்னார். யார் சிரிக்கிறார்கள், எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட காது அது. அதே ஷப்பெல் 2021இல் வெளியிட்ட நிகழ்ச்சியில் திருநர்களைப் பற்றிச் சொன்னவை கடும் எதிர்ப்பைக் கிளப்பின. அதை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் ஊழியர்களே வெளிநடப்புச் செய்தார்கள். அவருடைய ரசிகர்கள் இன்றும் அவரை ஆதரித்து வாதாடுகிறார்கள். அவருடைய திறமையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் முதல் நிகழ்வில் வெளிப்பட்ட செவிக்கூர்மை இரண்டாவதில் எங்கே போயிற்று என்று கேட்பவர்களின் பக்கம்தான் நான் நிற்கிறேன். நம் கூடலூர் இளைஞர் இப்போதுதான் வளர்ந்து வருகிறார் என்பதால், அந்தக் கேள்வியை அவரிடம் இப்போதே கேட்பது பயன் தரும் என்று நம்புகிறேன்.

உங்கள் அப்பாவின் குற்றச்சாட்டில் "விற்கிறான்" என்ற பகுதியை மட்டும் நான் ஏற்கவில்லை. கலைஞர் தாம் வாழ்ந்ததைத்தான் எடுத்துப் பேச முடியும். அதற்குக் கூலி வாங்குவதில் இழிவு இல்லை. லயத்தைப் பற்றிப் பேசவே கூடாது, பேசினால் மானம் போய்விடும் என்று சொன்னால், தராசில் கழித்தவர்களைப் பற்றியும் யாரும் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை. தம்பியிடமும் ஒன்று சொல்லுங்கள். நம்மைப் பற்றிப் பேச வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அவர் பேசும் எல்லாவற்றையும் காத்து நிற்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. அப்படிக் காத்து நின்றால் எடைப் பகுதியையும் பாட்டிப் பகுதியையும் ஒரே தட்டில் வைத்துவிடுவோம். அவருடைய உழைப்பு எங்கே இருக்கிறது என்பதை அவருக்கே சொல்லத் தவறிவிடுவோம்.

உங்கள் பள்ளியில் பையன்கள் பாட்டிப் பகுதியின் வரிகளைச் சொல்லி ஒரு மாணவியைக் கேலி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். எடைப் பகுதியை எடுத்துக்கொண்டு யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது; அதைச் சொல்ல வேண்டுமென்றால் கழிவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பாட்டிப் பகுதியிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு சிறுமிமேல் எறிந்துவிட முடிகிறது.

இதை நீங்களே அவருக்கு எழுதுவது நல்லது. இந்த வடிவத்தில் எதுவும் அச்சேறிய நூலைப் போல நிலைத்துவிடுவதில்லை. ஒவ்வொரு மேடையிலும் ஒரு வரி விழுகிறது, ஒரு வரி சேர்கிறது. பார்வையாளரின் ஓசையைக் கேட்டே அவர்கள் தங்கள் பகுதிகளைத் திருத்துகிறார்கள். பொதுவாகக் கண்டித்து எழுதினால் அவர் அதைப் பத்தோடு பதினொன்றாக எண்ணிவிடுவார். எடைப் பகுதியைக் கேட்டு உங்கள் வீட்டுப் பெண்கள் எந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள் என்பதையும், பாட்டிப் பகுதி உங்கள் பள்ளியில் எப்படிப் பயன்பட்டது என்பதையும், பணியர் பகுதியைப் பார்க்க அந்த மக்களுள் யாரேனும் அரங்கில் இருந்தார்களா என்ற கேள்வியையும் பெயர் குறித்து, இடம் குறித்து எழுதுங்கள். பாட்டியை நீக்கிவிடச் சொல்ல வேண்டாம். பேக்கரிக்காரருக்கு அந்தப் பாட்டி என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்று அவரையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் குடியிருப்பில் அந்த வயதில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்கள் சொன்ன மறுமொழிகள் சிலவற்றையும் கேட்டு அவருக்கு அனுப்பி வையுங்கள்.